ஃபெராரியா, கான்டெஸாவா, பவுனா?

அபூர்வமான காரை வாங்கி வைத்தால் விலை ஏறும் என்பது பொய்யில்லை. ஃபெராரி 1962-லிருந்து 1964 வரை கட்டிய 250 ஜிடிஓ மொத்தமே 36 வண்டி. அதில் ஒன்று 2018-ல் அமெரிக்காவின் மான்டெரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5.17 கோடி டாலர். மெர்சிடிஸ் கம்பெனி தன்னிடம் இருந்த இரண்டே இரண்டு 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபேயில் ஒன்றை 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்குக் கொடுத்தது. இதையெல்லாம் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் தலைதான் சுற்றும்.

மதுரையில் இருக்கிற ஒருவர், கையில் ஒரு கோடிச் சொச்சம் வைத்துக்கொண்டு, வண்டியில் போட்டால் ஏறுமா என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. கேட்டவன் என் சித்தப்பா மகன். வாடிப்பட்டிப் பக்கம் நிலம் விற்றதில் அவன் பங்கு வந்திருக்கிறது. வீடு இருக்கிறது, கடன் இல்லை. எனக்குத் தொழில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வே. அடிபட்ட வண்டியைப் பார்த்து மதிப்புப் போடுகிறவன் என்பதால் வண்டி விலை என்றாலே குடும்பத்தில் என்னிடம் வந்துவிடுவார்கள். "அண்ணே, பேங்க்ல போட்டா என்ன கிடைக்குது, இது ஓட்டவும் செய்யலாம், விலையும் ஏறும்ல?" என்றான்.

அவன் மனதில் இருந்தவை நாலு. கைமாறி வரும் ஒரு லம்போர்கினி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கம்பெனிகள் எண்ணிக்கை வைத்து விற்கும் வேகக் கார்களில் ஒன்று. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஐம்பது வருடத்துக் கார். அப்புறம் நம் தலைமுறை பார்த்து வளர்ந்த கான்டெஸா கார், ஆர்டி350, ஆர்எக்ஸ்100 பைக் வகையறா. ஐந்தாவதாகப் பவுனை நான் சேர்த்துக்கொண்டேன். நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதி இருக்கிற ஊரில் பவுனை ஒதுக்கிவிட்டு ஒரு முதலீட்டுக் கணக்குப் போட முடியாது.

விலை எதனால் ஏறுகிறது

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூப்பர் கார் வேறு, அபூர்வ சூப்பர் கார் வேறு. லம்போர்கினி கல்லார்டோ 2003-லிருந்து 2013 வரை 14,022 வண்டி கட்டப்பட்டது. நம் ஊர்த் தெருவில் வந்தால் கூட்டம் கூடும், உண்மைதான். உலகக் கணக்கில் அது அபூர்வம் கிடையாது. ஃபெராரி எஃப்40 சுமார் 1,300. போர்ஷே கரேரா ஜிடி 1,270. லெக்சஸ் எல்எஃப்ஏ 500. ஃபெராரி என்ஸோ 400. மெக்லாரன் எஃப்1 எல்லா வகையும் சேர்த்து 106. செய்தியில் வரும் விலையெல்லாம் கல்லார்டோவுக்குப் பின்னால் சொன்ன இந்த வண்டிகளுடையது.

அப்படியென்றால் குறைவாகக் கட்டினாலே ஏறிவிடுமா? அதுவும் இல்லை. இதற்கு ஜாகுவார் எக்ஸ்ஜே220 கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1988-ல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுவிசை என்று காட்டினார்கள். கார் விலை கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்டி சுமார் 1,500 பேர் வரிசையில் நின்றார்கள். ஓட்டுவதற்காக அல்லாமல் மேல்விலைக்கு மாற்றிவிடுவதற்காக நின்றவர்கள் அதில் ஏராளம். 1992-ல் வண்டி வந்தபோது வி12 போய் டர்போ வைத்த வி6 இருந்தது, நாலு சக்கர இழுவிசை போய் பின்சக்கரம் மட்டும். அதற்குள் சந்தையும் விழுந்துவிட்டது. வாங்க மறுத்தவர்களோடு வழக்கு நடந்தது. கட்டியது 280 சொச்சம், அதிலும் விற்காமல் வருடக்கணக்கில் நின்றவை உண்டு. அந்தக் காலத்தில் உலகிலேயே வேகமான காராக இருந்தது, எண்ணிக்கையும் குறைவு. இருந்தும் முப்பது வருடம் கழித்துக்கூட அது புதிதாக விற்ற விலையைச் சுற்றியேதான் நிற்கிறது. நடுவில் ஓடிய பணவீக்கத்தைக் கழித்தால் நஷ்டம்.

நம் ஊரில் இதற்கு ஒரு தம்பி உண்டு: ஸ்டாண்டர்டு 2000. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் கொண்டுவந்தது. மேலே இங்கிலாந்து ரோவரின் அழகான உடம்பு, உள்ளே பழைய காலத்து நாலு சிலிண்டர் இன்ஜின். விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். 1988-க்குள் கதை முடிந்துவிட்டது. இன்று ஒரு ஸ்டாண்டர்டு 2000-ஐப் பார்ப்பது கான்டெஸாவைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் கான்டெஸாவைத் தேடி அலைகிற அளவுக்கு அதைத் தேடி அலைகிற ஆள் கிடையாது.

ஆக, எண்ணிக்கையோடு ஆசையும் வேண்டும். அந்த ஆசைக்கு ஒரு வயது இருக்கிறது. பதினைந்து வயதில் சுவரில் படம் ஒட்டிய வண்டியை ஐம்பது வயதில் காசு வந்ததும் வாங்குகிறார்கள். வெளிநாட்டில் எஃப்40 ஏறியது அதனால்தான். 1930-களின் கார்களுக்கு அங்கே மவுசு குறைந்து, 1990-கள், 2000-களின் கார்களுக்குக் கூடியதற்கும் இதுவே காரணம். முன்னதை ஆசைப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். தியாகராஜர் கல்லூரி வாசலில், அமெரிக்கன் கல்லூரி வாசலில் ஆர்எக்ஸ்100 சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து, வீட்டில் கேட்டால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று அந்த வண்டிக்குச் சொன்ன விலை கொடுக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் கணக்கில் இதுதான் பெரியது. ஒரு வகை இன்ஜின் இனிமேல் வராது என்று உறுதியாகிவிட்டால் கடைசியாக வந்தவற்றுக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. டர்போ இல்லாத வி10, வி12, கையால் போடும் கியர் எல்லாம் மாசு விதிகளின் முன்னால் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. லம்போர்கினி ஹுராகனின் வி10 இடத்தில் 2024-ல் வந்த டெமெராரியோவில் டர்போ வைத்த வி8-ம் மின்மோட்டாரும்தான். கையால் கியர் போடும் கரேரா ஜிடி சுமார் 4.4 லட்சம் டாலருக்கு விற்றது, இப்போது பத்து லட்சத்துக்குக் கீழே பேச்சே கிடையாது. நம் ஊரில் அதே வேலையைச் செய்தது டூ ஸ்ட்ரோக் பைக் இன்ஜினின் முடிவு. ஆர்எக்ஸ்100 1985-லிருந்து 1996 வரை வந்தது. லட்சக்கணக்கில் கட்டிய 98 சிசி வண்டி, 11 குதிரைத்திறன். அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தோடு இனி ஒரு புது வண்டி ஷோரூமில் நிற்காது. ஊரில் ஓடுகிறவற்றிலும் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருப்பது எத்தனை?

லம்போர்கினி: ஆசைக்குச் சரி, கணக்குக்கு இல்லை

எஃப்40 மாதிரி உண்மையான அபூர்வ வண்டியைக் கொண்டுவரவே வழி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய காரை இறக்குமதி செய்ய மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலதுபக்கம் இருக்கவேண்டும் என்று விதி. எஃப்40 இடதுபக்க ஸ்டியரிங், வயதும் முப்பதுக்கு மேல். ஐம்பது வயது தாண்டிய கார்களுக்குத் தனி வழி இப்போது திறந்திருக்கிறது. நடுவில் இருக்கும் 1980, 90, 2000-களின் வண்டிகள்தான் உலகச் சந்தையில் நன்றாக ஏறுபவை. அவற்றுக்கு அந்த வழியும் அடைப்பு.

மிஞ்சுவது ஏற்கெனவே இந்தியாவில் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. தம்பியின் பணத்துக்கு வரக்கூடியது பழைய கல்லார்டோ மாதிரி ஒன்று. அதை முதலில் வாங்கியவர் காரின் விலையளவுக்கே சுங்கவரியும் கட்டியிருப்பார். அந்தப் பணம் காரில் இல்லை, அரசாங்கத்திடம் இருக்கிறது. புது வண்டி என்றால் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். நாலு கோடி ரூபாய்க் கார் என்றால் 80 லட்சம் வரிக்கு மட்டும். ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அது போய்விட்டது. விற்கும்போது அடுத்தவர் அதைத் திருப்பித் தரமாட்டார். இதற்குப் பயந்துதான் வேறு மாநில நம்பரில் பலர் ஓட்டுகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்றி வரியும் கட்டவேண்டும் என்பது சட்டம்.

அப்புறம் சர்வீஸ். லம்போர்கினிக்கு இந்தியாவில் சில பெருநகரங்களில்தான், நமக்குப் பெங்களூரு. மதுரையிலிருந்து பெங்களூரு நானூறு கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், ஓசூர் என்று லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இந்தக் கார்களில் பெரும்பாலும் இருக்கும், கிளட்ச் மிதி இல்லாத இ-கியர் பெட்டியின் கிளட்ச், நின்று நின்று நகரும் நெரிசலில் சீக்கிரம் தேயும். கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் மாட்டிக்கொண்ட யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. வேகத்தடைக்கு மூக்கைத் தூக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தால் நல்லது. நம் தெருக்களில் சில வேகத்தடைகளுக்கு அதுவும் போதாது. நிம்மதியாக ஓட்ட நத்தம் பறக்கும் பாலம் இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான், ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

விலையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓட்டவும் கூடாது. 2021-ல் பெபிள் பீச் ஏலத்தில் 2.04 கோடி டாலருக்கு மேல் போன மெக்லாரன் எஃப்1, இருபத்தைந்து வருடத்தில் ஓடியிருந்த தூரம் 400 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஓட்டாமல் விட்டதற்கான கூலி. தம்பி கேட்ட "ஓட்டவும் செய்யலாம், ஏறவும் செய்யும்" இங்கே முறிந்துவிடுகிறது.

இன்சூரன்ஸ் பக்கத்தையும் சொல்லவேண்டும், என் தொழில் அது. பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடுபோனாலும் முழுக்கச் சேதமானாலும் கிடைப்பது அதுதான். வருடாவருடம் கழிவு போட்டு ஐந்தாவது வருடம் பாதியாகிவிடும். அதற்கு மேல் கம்பெனியும் உரிமையாளரும் பேசி வைக்கிற தொகை. பேசாமல் விட்டால் கணினி காட்டுகிற சொற்பத் தொகையே நிற்கும். சந்தையில் விலை ஏறியது பாலிசிக்குத் தானாகத் தெரியாது. இது லம்போர்கினிக்கும் பொருந்தும், ஆர்எக்ஸ்100-க்கும் பொருந்தும். ஐந்து லட்சம் கொட்டிச் சரிசெய்த பழைய கார் ஐம்பதாயிரம் ஐடிவியில் ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மதிப்பீட்டுச் சான்று, படங்கள், ரசீதுகள் எல்லாம் வைத்து, புதுப்பிக்கும் முன்பே தொகையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்துவிடுவது நல்லது.

எண்ணி விற்கும் புது வண்டிகள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. 2025-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்கு 100 மட்டும் வந்தது, 49.99 லட்சம். வந்த வேகத்தில் தீர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணை 150, விலை 53 லட்சத்தை ஒட்டி. நல்ல வண்டிகள், சர்வீஸுக்கு பெங்களூரு வரை லாரி பிடிக்க வேண்டாம், தினம் ஓட்டலாம். ஆனால் நூறு என்பது இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை. ஐரோப்பாவில் இவை தெருவுக்குத் தெரு நிற்கும் கார்கள். நாளைக்கே இன்னொரு நூறு இறக்க மாட்டார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2016-ல் போலோ ஜிடிஐ 99 மட்டும் என்று 25.99 லட்சத்துக்கு வந்தது. வாங்க ஆளில்லாமல் 19.99 லட்சத்துக்கு இறக்கினார்கள். இன்று அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், சரி. தேடுகிறவர்கள் சில பேர் இருப்பதும், விற்க நினைக்கிற நாளில் ஆள் கிடைப்பதும் ஒன்றல்ல. ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு நஷ்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

செட்டிநாட்டுக் கொட்டகைகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பர்மா, மலேயா வியாபாரக் காலத்தில் வாங்கிய கார்கள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. மதுரையின் காய்ந்த காற்றும் செட்டிநாட்டின் காய்ந்த காற்றும் இரும்புக்கு நல்லது. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் கிடந்த வண்டியில் அடித்தகட்டைத் தட்டினால் துரு கொட்டும், இங்கே அது குறைவு. வெயிலுக்கு ரப்பரும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும், அதைச் சமாளித்துவிடலாம்.

சட்டமும் இங்கே கொஞ்சம் கை கொடுக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நாலுசக்கர வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். நம்பர் தகட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'விஏ' வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும்தான்.

சிக்கல் காரில் இல்லை, ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் ஐயா பெயரில் இருக்கும். ஐயா போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். வாரிசுகள் சென்னையில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வாரிசு பெயருக்கு மாற்றும் 31-ஆம் எண் படிவம் நகரும், அதற்குப் பிறகுதான் உங்கள் பெயருக்கு 29, 30. சில வீடுகளில் வீட்டையே பாகம் பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடக்கிறது, கார் எந்த மூலைக்கு? நேரமும் பொறுமையும் ஒரு நல்ல வக்கீலும் இருக்கிறவருக்கு இது அருமையான வழி. தம்பிக்கு மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. மேலும் முன்னே சொன்ன வயதுக் கணக்கு இந்த வண்டிகளுக்கு எதிராக ஓடுகிறது. 1940-களின் மாரிஸ் காரை ஆசையோடு பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படிப்பட்ட கார்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது, டிக்கெட்டோடு முடிந்துவிடும்.

கான்டெஸா, ஆர்டி, ஆர்எக்ஸ்

எனக்குச் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. கான்டெஸா 1984-லிருந்து 2002 வரை வந்தது. இங்கிலாந்து வாக்ஸ்ஹாலின் உடம்பு, பின்னால் வந்த கிளாசிக்கில் இசுசு 1.8 இன்ஜின். இசுசு இன்ஜினுக்கு மதுரையில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் இன்னும் இருக்கிறார். இன்ஜினைவிட வெளிச்சாமான்தான் பாடாய்ப்படுத்தும். கண்ணாடியைச் சுற்றிய பீடிங், பின்விளக்கு, கதவுக் கைப்பிடி இதெல்லாம் காயலான் கடையில் கிடைத்தால் உண்டு. அதனால் கார் வாங்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்பதைவிட உடம்புச் சாமான் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி, டாக்ஸியாக ஓடி ஓய்ந்தவை ஏராளம். மிகப் பழைய மார்க் வகைகளைத் தவிர அதில் விலை ஏற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓட்ட சுகம், அது தனி.

ஆர்டி350 இந்த வரிசையில் எக்ஸ்ஜே220-க்கு நேர் எதிர். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்தபோது யாரும் வாங்கவில்லை. பெட்ரோல் குடிக்கும், ஸ்பேர் விலை, இந்த ஊர் மெக்கானிக்குக் கைவராது என்று ஒதுக்கினார்கள். முதலில் வந்த ஹைடார்க் 30.5 குதிரைத்திறன், பிறகு மைலேஜுக்காகக் குறைத்த லோடார்க் 27. 1990 வாக்கில் நின்றுபோனது. யாரும் மேல்விலைக்கு மாற்றலாம் என்று வாங்கிப் பதுக்காததால் நிறைய உடைந்தே போயின. மிஞ்சிய நல்ல ஹைடார்க் இன்று லட்சங்களில் பேசப்படுகிறது.

ஆர்எக்ஸ்100-க்கும் லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கேட்கிற விலை வேறு, முடிகிற விலை வேறு. மாட்டுத்தாவணிப் பக்கம் பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் நிறுத்தி வைத்திருப்பவற்றில் பாதி, ஆர்எக்ஸ்135-ன் இன்ஜினைப் போட்டு மேலே பளபளவென்று பெயின்ட் அடித்தவை. ஆர்எக்ஸ்100-ன் இன்ஜின் எண் 1எல்1 என்று தொடங்கும். அடித்த எழுத்து சீராக இல்லாவிட்டால், சுற்றிலும் உலோகம் தேய்ந்த மாதிரி தெரிந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். ஃபெராரிக்காரர்கள் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். பழைய காரின் இன்ஜின், கியர்பெட்டி எண்கள் கம்பெனிப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து ஃபெராரியே சான்று கொடுக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பட்டறையில் உட்கார்ந்து நாமே பார்க்கவேண்டும்.

வைத்திருக்கும் செலவு பெரிதில்லை, ஆனால் உண்டு. 20 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து கார் 10,000, பைக் 2,000. வெளிநாட்டிலிருந்து வந்த கார் என்றால் 80,000, லம்போர்கினிக்கு இது இன்னொரு குட்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாயும் கேஸ்கட்டும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பவுனோடு நிறுத்திப் பார்த்தால்

1985-ல் ஆர்எக்ஸ்100 சுமார் 20,000 ரூபாய். அன்று பத்து கிராம் தங்கம் 2,130 ரூபாயை ஒட்டி. ஒரு பவுன் 1,700 என்று வைத்தால் வண்டிக்குப் பதில் பதினொரு பவுன் வாங்கியிருக்கலாம். 2025 கடைசியில் பவுன் 90,000-ஐத் தாண்டி நின்றது. பதினொரு பவுன் ஏறக்குறைய பத்து லட்சம். ஊரிலேயே அழகான ஆர்எக்ஸ்100-க்கு இரண்டு லட்சம் கொடுத்தாலும் பக்கத்தில் வராது. தங்கத்துக்கு பிஸ்டன் ரிங் மாற்றவேண்டாம், எஃப்சி வேண்டாம்.

எஃப்40-ஐயும் இதே தராசில் வைத்துப் பார்த்தேன். புதிதாக 4 லட்சம் டாலர் அளவில் இருந்தது, 2025 வரையான சில ஆண்டுகளில் பெரும்பாலும் 25, 30 லட்சம் டாலருக்கு கை மாறியது. ஆறேழு மடங்கு. 1987-ல் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 450 டாலர், 2025 கடைசியில் 4,000-க்கு மேல். ஒன்பது மடங்கு. சுவரில் படம் ஒட்டிய ஃபெராரியே பவுனிடம் தோற்றுப்போகிறது. மெக்லாரன் எஃப்1 தோற்கவில்லை. 5.4 லட்சம் பவுண்டு, அன்றைய கணக்கில் எட்டு லட்சம் டாலரைச் சுற்றி இருந்த வண்டி 2021-ல் இருபது மடங்குக்கு மேல். அதே காலத்தில் தங்கம் ஐந்து மடங்குகூட ஏறவில்லை. ஆனால் 106 வண்டியில் ஒன்றை 1994-லேயே வாங்கி, ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

வண்டிக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரையோ பைக்கையோ லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி வராது, அது சொந்தப் பயன்பாட்டுப் பொருள். நகைக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் முதலீட்டுக்கென்றே வாங்கி ஓட்டாமல் பூட்டி வைத்தால் அதை சொந்த உபயோகம் என்று சொல்வது கஷ்டம், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இப்படி. பணம் பெருகவேண்டும் என்றால் வண்டியை மறந்துவிட்டு பவுனும் வைப்புநிதியும் பார். லம்போர்கினி ஆசை இருந்தால் மும்பையிலோ பெங்களூருவிலோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டி ஆசையைத் தீர்த்துக்கொள், அதை முதலீடு என்று மட்டும் சொல்லாதே. வீட்டில் நிறுத்தி ஓட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும், போட்ட பணமும் பெரும்பாலும் திரும்பவேண்டும் என்றால் கையில் இருப்பதில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல், கம்பெனி நிலையில் இருக்கும் ஒரு ஆர்டி350-ஐயோ சாமான் முழுசாக உள்ள கான்டெஸா கிளாசிக்கையோ தேடு. இரண்டில் நான் ஆர்டியைச் சொல்வேன். நிறுத்த இடம் குறைவு, திருப்பி விற்க ஆள் அதிகம், பெங்களூரு, கொச்சி, புனே என்று எங்கிருந்தும் வந்து வாங்கிப் போவார்கள். அவன் கான்டெஸா பக்கம் சாய்கிறான், வீட்டில் எல்லோரும் ஏறலாம் என்பது அவன் வாதம். அதுவும் தப்பில்லை.

எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்க்கவேண்டும். பழைய ஆர்சி புத்தகங்கள் பல அரசின் 'வாகன்' பதிவுக் கணினியில் ஏறவே இல்லை. ஏறாவிட்டால் வண்டி முதலில் பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய ரெஜிஸ்டரை எடுத்து ஏற்றவேண்டும், அந்த அலைச்சலை விற்கிறவர்தான் பார்க்கவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டெல்லிப் பக்கத்திலிருந்து சல்லிசாக வருகிற வண்டிக்கு அங்கத்திய என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வந்த பிறகுதான் பேச்சு. சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும், எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.